இன்னும் ஒரு சீட்டு

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் பச்சைக்கிளி நடுரோட்டில் நின்றுகொண்டு, இருபது நிமிடம் ஹாரனை நிறுத்தாமல் அலறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தெருவே மறக்கவில்லை. அன்று முதல் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் மருந்துக்கடைக்காரரிடம் "காதுல வைக்கப் பஞ்சு இருக்கா?" என்று கேட்டு, ஒரு நமட்டுச் சிரிப்பையும் சில்லறையோடு சேர்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள்.

பச்சைக்கிளி அவருடைய கார். வயது பத்தொன்பது. அதன் நிறம் பச்சை என்பதற்கு இப்போது பதிவுப் புத்தகம் ஒன்றுதான் சாட்சி. இடது முன்கதவைச் சற்றுத் தூக்கிச் சாத்த வேண்டும். பின் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்தி இறக்க வேண்டும். சாவியைத் திருப்புவதற்கு முன் முன்பலகையில் பளார் பளார் என்று இரண்டு தட்டு. இல்லாவிட்டால் கிளி கண் திறக்காது.

"அப்பா, வண்டியை மாத்துங்க" என்று மகள் மூன்று வருடமாகச் சொல்கிறாள். அவர் அசைந்து கொடுத்ததில்லை. ஹாரன் சம்பவத்துக்குப் பிறகு அவரே வாயைத் திறந்து, "சரி, பார்ப்போம்" என்று சொன்னதும் வீடே வாயைப் பிளந்தது.

ஹாரன்தான் காரணம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

உண்மைக் காரணம் அவர் மனசுக்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்கு ஒரு ஃபிளாஸ்க் டீயோடு அவரும் மனைவி தையல் டீச்சரும் ஏரிக்கரைக்குப் போவார்கள். அவர் ஓட்டுவார். தையல் டீச்சர் முன்சீட்டில் உட்கார்ந்து, அந்த வாரத்து மாணவிகள் கைக்குப் பதில் கழுத்தை வெட்டிய கதைகளைச் சொல்லிக்கொண்டு வருவார். ஆனால் இந்த நாலு மாதமாக, "தைக்க வேண்டியது கிடக்கு. நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். பதினேழு ஞாயிறு. முதல் இரண்டு வாரம் அவர் தனியாகப் போய்ப் பார்த்தார். ஃபிளாஸ்க்கை முன்சீட்டில் வைத்தால் அது ஒவ்வொரு வளைவிலும் உருண்டது. அதற்கப்புறம் போகவில்லை.

முப்பத்தோரு வருடம் ஒரே மனுஷனோடு ஒரே ஏரியைப் பார்த்தால் யாருக்கும் சலித்துத்தான் போகும். சலித்தது ஏரியா, மனுஷனா என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயம். ஏரியாகவோ மனுஷனாகவோ இல்லாமல் காராக இருந்துவிட்டால் நல்லது. காரை மாற்றலாம்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

*

கடையில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. சீட்டில்லாமல் மருந்தில்லை. அதே கொள்கை வீட்டுக்கும் நீண்டு, சீட்டில்லாமல் செலவில்லை என்று ஆகியிருந்தது. மிக்ஸி வாங்கியதும் இப்படித்தான், மெத்தை வாங்கியதும் இப்படித்தான். ஆளுக்கொரு சீட்டு, சீட்டுக்கொரு காரணம். எழுதி, தொண்டை மிட்டாய் வந்த காலி டப்பாவில் போட வேண்டும். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பார்.

படிப்பதில்தான் அவருக்குப் பெருமை. டாக்டர்களின் கிறுக்கலைப் பார்த்த மாத்திரத்தில் படிப்பார். எழுதின டாக்டரே "நான் என்ன எழுதியிருக்கேன்?" என்று ஃபோன் போட்டுக் கேட்டதுண்டு.

"முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு சீட்டைக்கூட நான் தப்பாப் படிச்சதில்லை" என்று சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்தார்.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூன்று பேர். நில அளவைத் துறையில் வேலை பார்க்கும் மகள். லிஃப்ட் மெக்கானிக்கான நெட்டை மாப்பிள்ளை. இருவரும் நேற்றே வந்து தங்கியிருந்தார்கள். ஓரமாக, தையல் மெஷினை விட்டு அரைமனதாக எழுந்து வந்த தையல் டீச்சர்.

முதல் சீட்டு மாப்பிள்ளையுடையது. "முட்டி இடிக்குது."

"ஞாயந்தான் மாப்பிள்ளை. நீங்க பச்சைக்கிளியில உக்காந்தா, முட்டிக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு விரல் போகாது."

"நான் ரிப்பேர் பண்ற லிஃப்டுகூட இதைவிட விசாலமா இருக்கு மாமா."

இரண்டாவது மகளுடையது. நில அளவைக்காரியின் எழுத்து, கோடு பிடித்தது போல இருந்தது. "இன்னும் ஒரு சீட்டு வேணும்."

மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டினார். சீட்டுக் கட்டிலிருந்து இன்னொரு தாளைச் சரக்கென்று கிழித்து மகளிடம் நீட்டினார்.

"ஒரு காரணம் பத்தலையாக்கும்? இந்தா, மிச்சத்தையும் எழுது."

மகள் தாளைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு டீ புரையேறிவிட்டது.

"இருக்கட்டும்பா, அப்புறம் எழுதறேன்" என்று அவள் அந்த வெற்றுத்தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அதே நேரம் தையல் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டார். மருந்துக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. கார் பேச்சைக்கூட இவளால் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை.

மூன்றாவது சீட்டு வெள்ளைத்தாளில் இல்லை. துணி வெட்டப் பயன்படும் பழுப்புத்தாளின் ஒரு மூலை. எழுதியிருந்ததும் பேனாவால் இல்லை, தையல் சாக்கட்டியால். டப்பாவுக்குள் மற்றச் சீட்டுகளோடு உரசிப் பாதி மாவாக உதிர்ந்திருந்தது. அதனால் என்ன, டாக்டர் கிறுக்கலையே படித்த கண்.

"கார் மடக்க முடியலை. ரொம்ப நாளா."

அட! அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இவர்கள் வீடு முட்டுச்சந்தின் கடைசி வீடு. காரை முன்னும் பின்னுமாக நாலு தடவை ஆட்டினால்தான் மடக்கித் திருப்ப முடியும். அந்த நாலு தடவையும் பின்னால் நின்று "வாங்க, வாங்க, வாங்க, ஐயோ நிறுத்துங்க" என்று கையை ஆட்டுவது தையல் டீச்சர்தான். தினமும் காலையில் இதே கூத்து. கை வலிக்காதா மனுஷிக்கு? வெறுத்துத்தான் போயிருக்கும்!

ஆக, ஏரியும் இல்லை, மனுஷனும் இல்லை. கார்தான்! மருந்துக்கடைக்காரருக்கு நாலு மாதத்துக்குப் பிறகு நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கினது போல இருந்தது.

"உங்க சீட்டு எங்கப்பா?" என்றாள் மகள்.

"அது தலைவர் சீட்டு. கடைசியாத்தான் வரும்" என்று சட்டைப்பையைத் தட்டிக்கொண்டார். "கிளம்புங்க எல்லாரும். சின்னதா, சிக்குனு, ஸ்டியரிங்கை ஒரே ஒடி ஒடிச்சாத் திரும்பற மாதிரி ஒரு வண்டி பார்க்கப் போறோம்."

*

வாசலில்தான் அடுத்த அடி விழுந்தது.

"நீங்க மூணு பேரும் வண்டியில போங்க. நான் நடந்தே வரேன்" என்றார் தையல் டீச்சர்.

"நடந்தா? இருபது நிமிஷம் ஆகும்!"

"ஆகட்டும். காத்து வாங்கின மாதிரி இருக்கும்."

"ஏம்மா, கார் வாங்கப் போற இடத்துக்கு யாராவது நடந்து போவாங்களா?" என்று மகள் சிரித்தாள்.

"செருப்பு வாங்கப் போறவங்க வெறுங்காலோட போறதில்லையா? அது மாதிரிதான். முன்னால போங்க, வந்துடறேன்."

அவர் பளார் பளார் என்று இரண்டு தட்டுத் தட்டினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஓங்கியே விழுந்தது. இன்றைக்குப் பின்னால் நின்று கையாட்டியது மாப்பிள்ளை. பச்சைக்கிளி தெருமுனையில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தார். கைப்பையை வீசிக்கொண்டு மனைவி நடந்து வருவது தெரிந்தது. நடையில் ஒரு குறையும் இல்லை. என் பக்கத்தில் உட்காருவதைவிட வெயில் தேவலை என்று நினைக்கிறாளே என்று நினைத்துக்கொண்டார். முன்சீட்டில் மாப்பிள்ளை, முட்டியைக் கட்டிக்கொண்டு, பெட்டிக்குள் மடித்து வைத்த குடை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

*

கார் விற்பனைக் கூடத்தில் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. நீலக்கோட்டு போட்ட பெண்மணி ஒருவர் சிரித்த முகமாக எதிரில் வந்தார்.

"வாங்க சார். எந்த மாதிரி வண்டி பார்க்கறீங்க?"

"மடக்கித் திருப்பறது சுலபமா இருக்கணும். அது ஒண்ணுதான்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அப்படின்னா இதான் சார். பம்பரம்!"

சிவப்பு நிறத்தில் குட்டி வண்டி. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மருந்துக்கடைக்காரர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவுடன் கை தன்னால் எழுந்து, புத்தம்புதுப் பலகையில் பளார் பளார் என்று இரண்டு அறை விட்டது. நீலக்கோட்டுப் பெண்மணி ஒரு அடி பின்வாங்கினார்.

அந்தப் பக்கம் மாப்பிள்ளை கதவைத் தோளால் தூக்கி, மூச்சுப் பிடித்துச் சாத்தினார். லேசான கதவு. கூடமே அதிர்ந்தது. பின்னால் மகள், உள்ளங்கையால் கண்ணாடியைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மேடம், அதுக்குப் பொத்தான் இருக்கு..."

"ஓ, ஸாரி. கை தானா போகுது."

"சார், நீங்க இப்ப என்ன வண்டி வச்சிருக்கீங்க?" என்று பெண்மணி மெல்லக் கேட்டார்.

"வெளியே நிக்குது பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். "சரி சார், புரிஞ்சுது" என்றார். அதற்கு மேல் அந்த விஷயமாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கெட்டிக்காரி.

கூடத்தின் பின்புறத் திடலில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரே ஒடி. சிவப்பு வண்டி வாலைப் பிடிக்க ஓடும் நாய்க்குட்டி போலச் சுழன்று வந்தது. மருந்துக்கடைக்காரர் மூன்று சுற்றுச் சுற்றினார். நாலாவது சுற்றில் மாப்பிள்ளை, "மாமா, முட்டி..." என்று முனகியது அவர் காதில் ஏறவில்லை.

திரும்பி வந்தபோது தையல் டீச்சர் வந்து நின்றிருந்தார், நெற்றியில் வியர்வையோடு.

"பார்த்தியா! இதான் நம்ம வண்டி. ஒரே ஒடியில திரும்புது. இனிமே நீ பின்னால நின்னு கையாட்ட வேண்டாம். வா, முன்சீட்டுல உக்காந்து பாரு."

தையல் டீச்சர் வண்டியைப் பார்த்தார். அதன் உயரத்தைப் பார்த்தார். அல்லது, உயரம் இல்லாமையைப் பார்த்தார்.

"நல்லா இருக்குங்க. வாங்கிடுங்க."

"உக்காந்து பாருன்னா."

"வேண்டாம். வெளியிலேர்ந்து பார்த்தாலே தெரியுதே."

அவ்வளவுதான். பதினேழு ஞாயிறும் சேர்ந்து அவர் தொண்டைக்கு வந்துவிட்டது.

"இருபது நிமிஷம் வெயில்ல நடப்ப. ரெண்டு நிமிஷம் என் பக்கத்துல உக்கார மாட்ட. அப்படித்தானே? நீ எழுதிக் கொடுத்தபடிதானே நான் வண்டி பார்க்கறேன்? இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

மகளும் மாப்பிள்ளையும் சட்டென்று சுவரில் இருந்த டயர் படத்தை ஆராயத் தொடங்கினார்கள்.

"நான் எழுதினபடியா?" தையல் டீச்சருக்கும் கோபம் வந்தது. "எழுதினதைப் படிச்சிருந்தா இப்படித் தரையில கிடக்கற வண்டியைக் கொண்டுவந்து காட்டுவீங்களா? எனக்கு வேணும்னே செஞ்ச மாதிரில்ல இருக்கு!"

"படிக்காம என்ன? 'கார் மடக்க முடியலை'ன்னு நீதானே எழுதின?"

"காரா? நான் எதுக்குக் காரை மடக்கப் போறேன்? எனக்கு ஓட்டவே தெரியாதே! கால்! கால் மடக்க முடியலை!"



மருந்துக்கடைக்காரர் கூடவே கொண்டுவந்திருந்த பழுப்புச்சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். நீலக்கோட்டுப் பெண்மணி தாமாகவே மேஜை விளக்கைத் திருப்பிக் காட்டினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது தெரிந்தது. அவர் 'ர்' என்று படித்த எழுத்துக்குக் கீழே, சாக்கட்டி உதிர்ந்துபோன இடத்தில், 'ல்'லின் சுழி ஒரு நிழலாக நெளிந்து கிடந்தது.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் இந்த ஆனை முப்பத்தைந்து வருடம் சறுக்காமல் நின்றுவிட்டு, சொந்த மனைவியின் சீட்டில் போய்ச் சறுக்கியிருந்தது.

"கால்னா... எந்தக் கால்?"

"வலது முட்டி. சமதரையில எவ்வளவு வேணா நடக்கறேன். குனிஞ்சு, மடக்கி, பள்ளத்துல உக்காரத்தான் முடியலை. பச்சைக்கிளியில ஏறி இறங்கறதுக்குள்ள உசிர் போயிடுது. மெஷினுக்குக்கூட மோட்டார் மாட்டிக்கிட்டேனே, கவனிக்கலையா?"

"வேகமாத் தைக்கறதுக்குன்னு நினைச்சேன்..." அவர் மனைவியின் முட்டியைப் பார்த்தார். "எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? கடை நிறைய மருந்து வச்சிருக்கேனே! நீ இத்தனை நாள் என்ன போட்டுக்கிட்ட?"

தையல் டீச்சர் தரையைப் பார்த்தார். "எதிர்க்கடையில தைலம் வாங்கினேன்."

"எதிர்க்கடையிலயா?!"

இதுதான் அவரைப் பலமாகத் தாக்கியது. முட்டிவலியைவிடக்கூட.

"பின்ன? உங்ககிட்டக் கேட்டா எதுக்குன்னு கேப்பீங்க. சொன்னா மறுநாளே பச்சைக்கிளியை வித்துடுவீங்க. அதுல உங்களுக்கு உசிரு. என் முட்டிக்காக அதைத் தள்ளிவிடணுமான்னு இருந்தேன். நீங்களே மாத்தறேன்னு சீட்டுக் கொடுத்தப்பதான் தைரியமா எழுதினேன்."

"உசிரா? எனக்கா? அந்தத் தகரத்து மேலயா?"

அவர் சட்டைப்பைக்குள் மறுபடியும் கையை விட்டு, தலைவர் சீட்டை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். வெள்ளைத்தாள், நீல மை, மருந்துப் பாட்டில் மேல் ஒட்டுகிற மாதிரித் தெளிவான எழுத்து. அதில் இருந்தது மூன்றே வார்த்தை.

"முன்சீட்டு காலியா இருக்கு."

தையல் டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். அவருக்குத் தப்பாகப் படிக்க வழியே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஏறுற மாதிரி உயரமா ஏதாவது இருக்காம்மா?" என்று நீலக்கோட்டுப் பெண்மணியைக் கேட்டார்.

"இருக்கும்மா. வாங்க. படி மாதிரி ஏற வேண்டாம், பள்ளம் மாதிரி இறங்கவும் வேண்டாம். நாற்காலியில உக்கார்ற மாதிரி அப்படியே சாஞ்சு உக்காந்துடலாம்."

சாம்பல் நிற வண்டி. சீட்டு சரியாக இடுப்புயரம். தையல் டீச்சர் முதுகைக் காட்டி நின்று, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, துணி அளவு பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்து உட்கார்ந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். மறுகாலையும் வைத்தார். முகம் சுளிக்கவில்லை.

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குங்க!"

"ஓட்டிப் பார்க்கலாமா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். "ஏரிக்கரை வரைக்கும்?"

"ஓட்டிப் பார்க்கறதுன்னா பக்கத்து வளைவு வரைக்கும்தான் சார்..." என்று ஆரம்பித்த பெண்மணி, முன்சீட்டைப் பார்த்தார், தையல் டீச்சர் கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். "சரி, ஏறுங்க. நானும் ஏரியைப் பார்த்து நாளாச்சு."

*

வழியெல்லாம் தையல் டீச்சர் நாலு மாதத்துக் கதையையும் மொத்தமாகக் கொட்டினார். யாரோ ஒரு மாணவி கால்சட்டைக்கு மூன்று கால் தைத்தாளாம். பின்சீட்டில் இருந்த நீலக்கோட்டுப் பெண்மணி, "மூணாவது காலை எங்கேம்மா வச்சா?" என்று கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மருந்துக்கடைக்காரருக்கு எதுவுமே காதில் விழவில்லை. விழவேண்டிய அவசியமும் இல்லை. இடப்பக்கம் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அது போதும்.

ஏரிக்கரையில் நிறுத்தினார். தண்ணீர் நிறைந்திருந்தது. ஃபிளாஸ்க் கொண்டு வரவில்லையே என்று அவர் நினைத்த நொடியில், தையல் டீச்சர் கைப்பையிலிருந்து அதை எடுத்தார்.

"நடந்து வந்தப்பவே இது கையில இருந்துதா?"

"உக்கார முடியற வண்டியா அமைஞ்சா வேணுமேன்னு போட்டு எடுத்துட்டு வந்தேன்."

டீ கை மாறியது. மருந்துக்கடைக்காரர் பின்னால் திரும்பி, "மாப்பிள்ளை, முட்டி?" என்றார்.

"ஒரு சாண் இடம் இருக்கு மாமா!"

"அப்ப முடிஞ்சுது. எல்லார் சீட்டும் தீர்ந்துது. ஒண்ணே ஒண்ணைத்தான் தப்பாப் படிச்சேன், அதையும் திருத்தியாச்சு. இதையே பதிஞ்சுடலாம்."

"அப்பா," என்றாள் மகள். "என் சீட்டு?"

"உன்னுதா? அதான் உடனே தீர்த்துவச்சேனே. இன்னும் ஒரு சீட்டு கேட்ட, கிழிச்சுக் கொடுத்தேன்."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

மகள் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த வெற்றுத்தாளை எடுத்துக் காட்டினாள். "நான் இதைக் கேக்கலைப்பா." அவள் உட்கார்ந்திருந்த சீட்டைத் தட்டினாள். "இதைக் கேட்டேன். இதுல அஞ்சு பேர் உக்காரலாம். நாம நாலு பேர். அடுத்த வருஷம் எங்ககூட இன்னொரு ஆள் வரும். சின்ன ஆள்தான். ஆனா அதுக்குன்னு தனியா சீட்டு போடணுமாம்."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு மகளைப் பார்த்தார், அவளே ஒரு டாக்டர் எழுதின சீட்டு என்பது போல.

"நான்... நான் உனக்குப் பேப்பரைக் கிழிச்சுக் கொடுத்தேன்."

"பத்திரமா வச்சிருக்கேன்பா. பிறக்கறதுகிட்டக் காட்டணும்."

தையல் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். காலையில் பொத்தியது போலவே. மருந்துக்கடைக்காரர் அவரை முறைத்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு நாளா டீ வாசனைக்கு மூக்கைச் சுளிக்கறா. இப்பவும் பாருங்க, கப்பை வாயிலயே வைக்கலை. நீங்க அந்தச் சீட்டைப் படிச்சதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீங்க சரக்குனு கிழிச்சுக் கொடுத்தீங்க பாருங்க, அங்கேயே சிரிச்சா அவ சொல்றதுக்கு முன்னால நான் உடைச்ச மாதிரி ஆயிடுமேன்னு சமையக்கட்டுக்கு ஓடினேன்."

"நீ கோவிச்சுக்கிட்டுப் போனேன்னு நினைச்சேன்!"

"அதையும் தப்பாத்தான் படிச்சீங்களா?"

நீலக்கோட்டுப் பெண்மணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சார், குடும்ப விஷயத்துல தலையிடறேன்னு நினைக்காதீங்க. இதே உயரத்துல ஏழு சீட்டு வண்டியும் எங்ககிட்ட இருக்கு. ஆனா ஒரு குழந்தைக்கு அது கொஞ்சம் அதிகம். அஞ்சு பேருக்கு இதுவே போதும்."

மகள் கணவனைப் பார்த்தாள். இந்தத் தடவை மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

"அதான் மாமா, இன்னிக்கே பதிய வேண்டாம்னு..." என்று இழுத்தார். "டாக்டர் வயித்துல கையை வச்சுப் பார்த்துட்டு, கணக்குக்குக் கொஞ்சம் பெருசா இருக்கேன்னாரு. வெள்ளிக்கிழமை ஸ்கேன் எடுக்கணும். அப்பதான் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒண்ணா, ரெண்டான்னு."



மருந்துக்கடைக்காரர் மெதுவாகச் சட்டைப்பையில் கைவிட்டு, சீட்டுக் கட்டை எடுத்தார். ஒரு தாளைச் சரக்கென்று கிழித்தார். பின்னால் கையை நீட்டி, மகளிடம் கொடுத்தார்.

"காலையில கொடுத்ததோட இதையும் சேர்த்து வச்சுக்கோ. வெள்ளிக்கிழமை வரைக்கும் ரெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும்."

கட்டு இன்னும் அவர் கையிலேயே இருந்தது. கட்டைவிரல் அடுத்த தாளின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. தையல் டீச்சர் முன்சீட்டிலிருந்து கையை நீட்டி, அதைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போதுங்க. இன்னொண்ணு கிழிச்சீங்கன்னா பொண்ணு பயந்துடுவா."